அம்புக்குறியை அணைத்துவிட்டு வாருங்கள்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: ‘பெரிய பெரிய ஓபன் வேர்ல்டு கேம்கள் எனக்குப் பெரும்பாலும் அலுப்புதான்.’ நினைத்த பக்கமெல்லாம் சுற்ற விடுகிற கேம்களைத்தான் ஓபன் வேர்ல்டு என்பார்கள். அந்த வரிக்கு வந்த கடிதங்களில் பாதி திட்டு. மீதி, ‘வேறு எதெல்லாம் உங்களுக்குப் பிடிக்காது, சொல்லுங்கள், கேட்போம்’ ரகம். இரண்டாவது ரகம்தான் ஆபத்து. கேம்களின் கதையைப் பற்றியும் சண்டையைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குக் கட்டட வரைபடம் வரைகிற வேலை. ஒரு கேமுக்குள் நுழைந்ததும் என் கண் முதலில் போவது இடத்தின்மேல். இது என்ன ஊர், இங்கே யார் குடியிருக்கிறார்கள், இந்தப் படி எங்கே போகிறது? பதில்களை அதை மனதில் வைத்துப் படிக்கவும்.

கேள்வி: உலகம் பெரிதாக இருந்தால் செய்வதற்கும் நிறைய இருக்கும். இதில் அலுக்க என்ன இருக்கிறது?

பெரிதாக இருப்பதற்கும் நிறைய இருப்பதற்கும் சம்பந்தமில்லை. 1996-இல் வந்த டாகர்ஃபால் கேமின் உலகம் ஏறக்குறைய கிரேட் பிரிட்டன் அளவு என்று அதைச் செய்தவர்களே பெருமையாகச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான ஊர்கள், பெரும்பாலும் கம்ப்யூட்டர் தானாக அடுக்கியவை. நாலைந்து ஊர் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரிதான். 2016-இல் நோ மேன்ஸ் ஸ்கை வந்தது. அதிலுள்ள கிரகங்களின் எண்ணிக்கை 2-இன் 64-ஆம் அடுக்கு. 18 போட்டு, பின்னால் 18 சைபர் போட்டால் வருவதைவிடவும் கொஞ்சம் கூட. நானும் கணிசமாகச் சுற்றினேன். ஒரு கிரகத்தின் பெயர்கூட நினைவில் இல்லை.

எதிர்ப்பக்கத்துக்கு வாருங்கள். யாகுசா வரிசை 2005-இல் தொடங்கியது. டோக்கியோவின் கபுகிச்சோவைப் பார்த்துச் செய்த கமுரோச்சோ என்ற பேட்டைதான் களம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சில நிமிடங்களில் ஓடிவிடலாம். அதே பேட்டையைத்தான் கேமுக்குக் கேம் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். சோம்பேறித்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வரிசையின் உயிரே அதுதான். யாகுசா ஜீரோ நடப்பது 1988 டிசம்பரில், ஜப்பானில் நில விலை தலைகால் தெரியாமல் ஏறியிருந்த காலம். கதை முழுக்க ஒரு துண்டு நிலத்துக்கான அடிதடி. கட்டடங்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், சொல்லப்போனால் ஓர் அறையின் அளவுக்கு மேல் தேறாத காலி மனை. வரிசையின் மற்ற கேம்களை ஆடியவர்களுக்குத் தெரியும்: பின்னாளில் மில்லேனியம் டவர் எழுந்து நிற்பது அந்த இடத்தில்தான். ஒரு மனைத் தகராறை இவ்வளவு விறுவிறுப்பாகச் சொல்ல முடியும் என்று என் தொழிலில் யாரும் நினைத்திருக்க மாட்டோம். அந்த மனையில் போய் நின்றால் வருகிற சிலிர்ப்பு, அதே தெருக்களில் ஏற்கனவே நடந்து தேய்ந்தவர்களுக்குத்தான் வரும். புதிதாக வருபவருக்கு அது வெறும் புல்லும் மண்ணும்.

செல்டா வரிசையில் மஜோராஸ் மாஸ்க் (2000) இன்னொரு சாட்சி. முந்தைய கேமான ஓகரீனா ஆஃப் டைமில் செய்து வைத்திருந்த உருவங்களையே எடுத்து, சுமார் ஓராண்டில் முடித்த கேம் அது. நடுவில் க்ளாக் டவுன் என்ற சிற்றூர். மூன்றாம் நாள் முடிவில் நிலா வந்து விழும். அதற்குள் காலத்தைத் திருப்பி முதல் நாளுக்கு வந்துவிட வேண்டும். அப்படிச் சுற்றிச் சுற்றி வரும்போது தபால்காரர் எப்போது எந்தத் தெருவில் ஓடுவார், விடுதிக்காரப் பெண் எப்போது எங்கே நிற்பாள் என்பதெல்லாம் மனப்பாடமாகிவிடும். என் அண்டைவீட்டாரைப் பற்றிக்கூட எனக்கு இவ்வளவு தெரியாது.

கேள்வி: திரை மூலையில் தெரியும் மினிமேப்பையும், போக வேண்டிய இடத்தைக் காட்டும் அம்புக்குறியையும் அணைத்துவிட்டு விளையாடுங்கள் என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். ஸ்கைரிமில் முயன்றேன். நடுக்காட்டில் திருதிருவென்று நின்றதுதான் மிச்சம்.

தப்பு உங்களுடையதில்லை. அம்பு இருக்கும் என்று நம்பி எழுதிய கேமில் அம்பை மட்டும் பிடுங்கினால் அப்படித்தான் ஆகும். ஸ்கைரிமில் (2011) ஒருவர் ‘அந்தக் குகைக்குப் போய் எடுத்து வா’ என்பார். குகை எங்கே என்று பல சமயம் சொல்ல மாட்டார். அதற்குள் உங்கள் மேப்பில் புள்ளி விழுந்திருக்கும். அவர் ஏன் சொல்ல வேண்டும்?

அதே நிறுவனம் 2002-இல் செய்த மாரோவிண்டில் நிலைமை வேறு. பாலத்தைத் தாண்டு, இந்தப் பக்கம் திரும்பு, பிளவுபட்ட பாறை வந்தால் மேலே ஏறு என்கிற மாதிரி ஆட்கள் வழி சொல்வார்கள். அது குறிப்பேட்டில் பதிவாகும். எடுத்துப் படித்துக்கொண்டே நடக்க வேண்டும். சில சமயம் தப்பாகவும் சொல்லித் தொலைப்பார்கள். அப்படி வழிதவறிப் போன இடங்கள்தான் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கின்றன. 2006-இல் ஆப்ளிவியன் வந்தபோது திசைகாட்டியில் இலக்கு முள் முளைத்தது. அதே கேமில்தான் எல்லா வசனத்துக்கும் குரல் கொடுத்தார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது என் ஊகம். எழுத்தில் நாலு வரி வழி சொல்வது சுலபம். ஒவ்வொரு வழிக்கும் நடிகரை வைத்துப் பதிவுசெய்வது செலவு.

கோஸ்ட் ஆஃப் சுஷிமாவில் (2020) அம்புக்குப் பதில் காற்று வீசி வழிகாட்டும். உலகமே கொண்டாடியது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதுவும் அம்புதான். இலை தூவிய அம்பு. திரையின் மூலையைப் பார்த்துக்கொண்டு ஓடியவர்கள், இப்போது பறக்கும் புல்லைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறார்கள். இதைச் சொன்னால் நண்பர்கள் முறைக்கிறார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது ஸப்நாட்டிகா (2018). கடலுக்கடியில் ஒரு வேற்றுக் கிரகம். மேப்பே கிடையாது. அணைக்க வேண்டிய அவசியமும் இல்லை. பவளம் தெரிந்தால் ஆழமில்லாத இடம், உயரமான பச்சைக் கொடிகள் வந்தால் அடுத்த பகுதி, சிவப்புப் புல் பரந்திருந்தால் இன்னும் தள்ளி என்று கண்ணே கற்றுக்கொள்ளும். அப்புறம் ஃபயர்வாட்ச் (2016). 1989-இல் வயோமிங் காட்டில் தீக்காவல் கோபுரத்தில் வேலை. கையில் காகித மேப்பும் காம்பஸும். ‘நீங்கள் இருப்பது இங்கே’ என்ற புள்ளியை செட்டிங்ஸில் எடுத்துவிடலாம். எடுத்துவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் ஃபாஸ்ட் டிராவலும் (நடக்காமல் ஓர் இடத்துக்கு ஒரே தாவாகப் போகும் வசதி) கூடாதா? வேலைக்குப் போகிறவர்கள் என்ன செய்வது?

நானும் வேலைக்குப் போகிறவள்தான். நேரம் இல்லாதவர்களுக்குச் சின்ன உலகம் வேண்டும், பெரிய உலகமும் அதைத் தாண்டிக் குதிக்க ஒரு பொத்தானும் அல்ல. ஓர் இடத்தைத் தாண்டிப் போகத்தான் எல்லாரும் விரும்புகிறார்கள் என்றால், அந்த இடத்தை எதற்குச் செய்தார்கள்?

டார்க் சோல்ஸின் (2011) முதல் பாதியில் இந்த வசதி கிடையாது. சாவுக்குப் பயந்து மேலே மேலே ஏறி, தேவாலயத்தைக் கடந்து ஒரு லிஃப்டில் கால் வைப்பீர்கள். அது இறங்கிக்கொண்டே போகும். நின்றால், பயணம் தொடங்கிய இடத்தில் நீங்கள் இளைப்பாறிய அந்தப் பழைய நெருப்பு எதிரே எரிகிறது. அடடா, இத்தனை தூரமும் இதன் தலைக்கு மேலேதானா! ஒரு மாடியின் வரைபடத்தை இன்னொரு மாடியின்மேல் வைத்து ஒளியில் பிடித்துப் பார்க்கிற வேலையை நான் தினமும் செய்கிறேன். அந்த லிஃப்ட் அதைச் சில நொடிகளில் செய்துவிட்டது. பாதி கேமுக்குப் பிறகு நெருப்புக்கு நெருப்பு தாவும் வசதி வருகிறது. அதிலிருந்து அந்த உலகம் கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது என்பது என் கட்சி.

கேள்வி: உலகம் அழிந்த பிறகு நடக்கும் கேம்கள் எனக்கு உயிர். உங்களுக்கு?

எனக்குத் துடைப்பம் ஞாபகம் வரும். ஃபால்அவுட் 3-இல் (2008) அணுகுண்டுகள் விழுந்தது 2077-இல். கதை நடப்பது 2277-இல். நடுவில் 200 ஆண்டுகள். ஆனால் கடை அலமாரியில் டப்பா உணவு அப்படியே இருக்கிறது, மரவீடு நிற்கிறது, ஆள் குடியிருக்கிற அறையிலேயே குப்பை குவிந்து கிடக்கிறது. கூரை ஓட்டையான மரவீடு பராமரிப்பு இல்லாமல் எத்தனை வருஷம் நிற்கும் என்று எனக்குத் தெரியும். 200 வராது. சரி, கட்டடத்தை விடுங்கள். ஏழெட்டுத் தலைமுறையில் ஒருவருக்குக்கூடக் கூட்டத் தோன்றவில்லையா? ‘குண்டு விழுந்து 20 வருஷம்’ என்று மாற்றியிருந்தால் பாதிக் கேள்விகள் போயிருக்கும்.

இரண்டு வருஷம் கழித்து, வேறு குழு செய்த ஃபால்அவுட் நியூ வேகஸ் வந்தது. அதில் தோட்டம் இருக்கிறது, பயிர் இருக்கிறது, ஆடுமாடு இருக்கிறது. எல்லாத் தரப்பும் சண்டை போடுவது ஹூவர் அணைக்காக: அங்கே தண்ணீர், அங்கே மின்சாரம். யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்தால்தான் அவர்கள் ஏன் சண்டை போடுகிறார்கள் என்பது எனக்குப் புரியும். அழிவைப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். அதற்குமேல் உட்கார வைப்பது இந்தச் சில்லறை விஷயங்கள்தான்.

கேள்வி: கேம்களில் வரும் கட்டடங்களைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வருமா?

சிரிப்பு குறைவு, மரியாதைதான் அதிகம். மூன்றாம் ஆள் கோணத்தில் ஓடும் கேம்களில் கதவுகளைக் கவனியுங்கள். அகலம், உயரம் இரண்டுமே நிஜத்தைவிடப் பெரிது. கூரையும் உயரம். காரணம், அந்த அறையில் நீங்கள் மட்டும் இல்லை. உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு கேமராவும் நடந்து வருகிறது. அது சுவரில் முட்டாமல் திரும்ப இடம் வேண்டும். நிஜ அளவில் அறை வரைந்தால், திரையில் அது பொந்தாகத் தெரியும்.

ரெசிடென்ட் ஈவில் 2-இல் (1998) ஒரு போலீஸ் நிலையம் வருகிறது. பெரிய மண்டபம், சிலையை நகர்த்தினால் விழும் ரத்தினம், சம்பந்தமே இல்லாத சாவிகள். எந்த ஊர்ப் போலீசும் அங்கே ஒரு நாள்கூட வேலை பார்க்க முடியாது. கதாசிரியர்களும் இதை உணர்ந்திருக்கிறார்கள்; அது முன்பு கலைக்கூடமாக இருந்த கட்டடம் என்று ஒரு காரணம் வைத்துவிட்டார்கள். எனக்கு அந்தச் சாக்கு ரொம்பப் பிடிக்கும். கட்டட உரிமையாளர்கள் சொல்லும் பல காரணங்களைவிட நம்பும்படி இருக்கிறது.

கேள்வி: விவசாயம் செய்யும் ஸ்டார்டியூ வேலி போல மனதுக்கு அமைதி தரும் கேம் வேறு சொல்லுங்களேன்.

அமைதியா? காலை 6 மணிக்கு எழுந்து, இரவு 2 மணிக்குள் படுக்காவிட்டால் மயங்கி விழ வேண்டும். அந்த நாள் நம் கடிகாரத்தில் சுமார் 14 நிமிடம். பருவத்துக்கு 28 நாள். பருவம் மாறினால் பெரும்பாலான பயிர் வாடிப்போகும். ஊராரின் பிறந்தநாளை வேறு நினைவில் வைக்க வேண்டும். எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் தனியாகச் செய்து 2016-இல் வெளியிட்டார். அந்த உழைப்புக்குக் கும்பிடு. ஆனால் நான் ஆடிய பேய்க் கேம்களில்கூட இவ்வளவு கடிகாரம் பார்த்ததில்லை.

அமைதி வேண்டுமென்றால் லாரி ஓட்டுங்கள். யூரோ டிரக் சிமுலேட்டர் 2 (2012). ஐரோப்பாவை 1-க்கு 19 என்ற அளவில் சுருக்கிய சாலைகள். வழிகாட்டும் திரையை மூடிவிட்டு, சாலையோரப் பலகையில் ஊர்ப் பெயர் படித்தே போய்ச் சேரலாம்.

கேள்வி: நீங்கள் ஈஸி மோடில் விளையாடுகிறவர் என்று கேள்விப்பட்டேன். வெட்கமாக இல்லையா?

இல்லை. எனக்குச் சண்டை என்பது அடுத்த அறைக்கான நுழைவுச்சீட்டு. குறைந்த கட்டணத்தில் கிடைத்தால் வாங்கிக்கொள்வேன். கடினமான மலையேறும் கேம் என்று பெயரெடுத்த செலஸ்ட்டே (2018) வேகத்தைக் குறைக்கவும், அடியே படாமல் ஆடவும் வழி வைத்திருக்கிறது. அதனால் அந்த மலையின் உயரம் யாருக்கும் குறைந்துவிடவில்லை.

கேள்வி: பழைய கேம்களைப் புது கிராஃபிக்ஸில் திரும்பச் செய்வது நல்ல விஷயம்தானே?

பல சமயம் இல்லை. சைலன்ட் ஹில் (1999) ஊரை மூடியிருக்கும் பனிமூட்டம், அன்றைய பிளேஸ்டேஷனால் தூரத்துக் காட்சியை வரைய முடியாததை மறைக்கப் போட்டது. போட்டபின் அதுவே அந்த ஊரின் முகமாகிவிட்டது. 2012-இல் அந்த வரிசையின் எச்.டி. தொகுப்பு வந்தபோது மூட்டம் மெலிந்துபோய், ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். தெளிவாகத் தெரிந்ததும் பயம் போய்விட்டது.

ஷேடோ ஆஃப் த கொலோசஸும் அப்படித்தான் எனக்கு. 2018 மறுவடிவத்தில் ஒவ்வொரு புல்லும் தெரிகிறது, எல்லாரும் பாராட்டினார்கள். 2005-இல் வந்ததில் வெளிச்சம் கண்ணைக் கூச, தூரம் கலங்கி, நிலமே கைவிடப்பட்டதுபோல் இருக்கும். 16 ராட்சதர்களைத் தவிர அங்கே மோதுவதற்கு வேறு யாருமில்லை. வெறுமை வெறுமையாகத் தெரிய வேண்டும். அங்கே போய்ப் புல் நட்டுவைப்பது எதற்கு?

கறுப்பு, வெள்ளை இரண்டே நிறப் புள்ளிகளால் ஆனது ரிடர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் (2018). ஒரு கப்பல், அதிலிருந்த 60 பேரின் கதி. ஏணி எங்கே, சமையல் இடம் எங்கே, யார் எந்தத் தொங்குபடுக்கையில் தூங்கினார்கள் என்று இப்போதும் என்னால் வரைந்து காட்ட முடியும். புகைப்படம் போன்ற கிராஃபிக்ஸில் வந்த எத்தனையோ நகரங்களில் எனக்கு ஒரு தெருமுனைகூட நினைவில்லை.

கேள்வி: என் மகன் அசாசின்ஸ் கிரீட் ஆடிவிட்டு ‘வரலாறு படிக்கிறேன்’ என்கிறான். நம்பலாமா?

பாதி நம்பலாம். அந்த வரிசையில் எகிப்தில் நடக்கும் ஆரிஜின்ஸுக்கு 2018-இல் சண்டையே இல்லாத சுற்றுலா வடிவம் ஒன்று சேர்த்தார்கள். அதைப் போடச் சொல்லுங்கள். உண்மையில் படிக்கிறானா என்று தெரிந்துவிடும்.

அதே வரிசையின் யூனிட்டி (2014) பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பாரிஸ். அதன் நோத்ரு தாம் தேவாலயத்தின் உச்சியில் ஓர் ஊசிக் கோபுரம் நிற்கிறது. அது கட்டடக் கலைஞர் வியோலே-லெ-துக் 19-ஆம் நூற்றாண்டில் சேர்த்தது. புரட்சியின்போது அங்கே இல்லை. வரலாற்று ஆர்வலர்கள் கோபிப்பார்கள். நான் செய்தவர்கள் பக்கம். அந்தக் கோபுரம் இல்லாமல் வரைந்திருந்தால், பாதிப் பேருக்கு அது நோத்ரு தாமாகவே தெரிந்திருக்காது. 2019-இல் தீ அந்தக் கோபுரத்தைத்தான் சாய்த்தது. அப்போது ‘கேமை வைத்தே திரும்பக் கட்டிவிடலாம்’ என்று பலர் பேசினார்கள். அது நடக்கிற காரியமில்லை. கலை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டாலன் முன்பே லேசர் வைத்து எடுத்திருந்த அளவுகள் போன்றவைதான் அதற்கு உதவின. கேமில் இருப்பது ஏறுவதற்கு வசதியாகச் செய்த தேவாலயம்.

கேள்வி: டிராகன், எல்ஃப், கோட்டை. இதில் உங்களுக்கு என்ன வெறுப்பு?

வெறுப்பில்லை, போதும் என்கிறேன். கற்பனை உலகம் என்று சொல்லிவிட்டு எல்லாரும் ஒரே பழைய ஐரோப்பாவில் காதைக் கூராக்கினால் அதில் கற்பனை எங்கே? டிஸ்கோ எலிசியமும் (2019) முழுக்கக் கற்பனை உலகம்தான். தோற்றுப்போன புரட்சியின் குண்டுத்துளைகள் இன்னும் சுவரில் இருக்கும் ஒரு துறைமுகப் பேட்டை, வேலைநிறுத்தம், விடுதிக்குப் பின்னால் மரத்தில் தொங்கும் பிணம். வழக்கமான சண்டைமுறையே கிடையாது, பேச்சுதான். கற்பனை என்றால் அது.

கேள்வி: ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ரொம்ப மெதுவாக இல்லையா?

மெதுவாக இருப்பதுதான் அதன் நல்ல குணம். கதை நடக்கிற 1899-இல் குதிரை பின்னே எப்படிப் போகும்? எனக்குக் கோபம், கதை மிஷன்களில் சொன்ன வழியை விட்டு நாலடி தள்ளி நடந்தால் ‘தோற்றுவிட்டீர்கள்’ என்கிறதே, அதன்மேல்தான்.

கேள்வி: முதல் ஆள் கோணத்தில் (பாத்திரத்தின் கண் வழியே பார்த்து) விளையாடினால் எனக்குத் தலைசுற்றி வாந்தி வருகிறது. விட்டுவிடுவதா?

எனக்கும் வரும். விட வேண்டாம். செட்டிங்ஸில் ஃபீல்டு ஆஃப் வியூ என்று இருக்கும்: ஒரே பார்வையில் எவ்வளவு அகலம் தெரிய வேண்டும் என்ற அளவு. அதை 90-க்கு மேல் கொண்டுபோய்ப் பாருங்கள். பலருக்கு அதிலேயே பாதி சரியாகும். நடக்கும்போது தலை ஆடுவது, கேமரா குலுங்குவது இரண்டையும் அணைக்கவும். திரையின் நடுவில் ஒரு சின்னப் புள்ளி வைக்கும் வசதி இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுக்குப் பிடிமானம் கிடைக்கும். அறையில் விளக்கு எரியட்டும், திரையிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். குமட்டல் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் அன்று முழுக்கப் போகாது. அசையும்போது காட்சியைக் கலங்கலாக்கும் மோஷன் ப்ளரை, எந்த கேமாக இருந்தாலும் தொடங்கும்முன் அணைத்துவிடுவேன். அழகு போய்விடும் என்பவர்கள் தனிக் கடிதம் எழுதலாம்.